கடைசி ரீல் பார்க்காத ஊர்

ரஞ்சன்குடிக்காரர்கள் எந்தப் படத்துக்கும் கடைசி ரீல் பார்த்தது கிடையாது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம். பெரம்பலூரில் முதல் ஆட்டம் முடிய ஒன்பதே கால் ஆகும். ரஞ்சன்குடிக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு. அதை விட்டால் விடிகிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கொசுவோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். அதனால் வில்லன் ஓட ஆரம்பித்ததும் ஊர் மொத்தமும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிடும். தூங்குகிற பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் முன்னால் நடப்பார்கள். "மறைக்குது, உக்காருங்கய்யா!" என்று டவுன்காரர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள். அதெல்லாம் யார் காதிலும் ஏறாது.

மிச்சக் கதையைப் பஸ்ஸில் வைத்து முடித்துக்கொள்வார்கள். யார் சாவது, யாருக்கு யாரோடு கல்யாணம், போலீஸ் எப்போது வந்து சேருவது என்பதெல்லாம் வாலிகண்டபுரம் தாண்டுவதற்குள் தீர்மானமாகிவிடும். அந்தக் காலத்துப் படங்களுக்கு அது போதும். இத்தனை வருஷத்தில் பஸ் சொன்ன முடிவு ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் படம் வந்து சேர்கிற வரை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம் அது.

கொளஞ்சியம்மாள் அந்தப் பெரம்பலூர் தியேட்டரில்தான் பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்தாள். ஊர் ரஞ்சன்குடி. களை எடுத்து, கடலை பிடுங்கி வளர்ந்த உடம்பு. வாயும் அதற்குத் தகுந்த வாய். ஒரு டிக்கெட்டில் ரெண்டு பேர் நுழையப் பார்த்தால் அவள் போடுகிற சத்தம் திரைக்குள் இருக்கிறவர்களுக்கே கேட்கும். ஒரே மகளைக் குரும்பலூரில் கட்டிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் அவளும் புருஷன் தர்மனும்தான்.

தர்மன் தையல்காரன். கையில் கத்தரிக்கோல் இருக்கும், வாயில் பேச்சு இருக்காது, அப்படி ஒரு சாது. நாலைந்து வருஷத்துக்கு முன்னால் திடீரென்று மிஷினுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான். சோறு வேண்டாம் என்றான். மிஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான். கொளஞ்சியம்மாள் மந்திரித்துப் பார்த்தாள், கயிறு கட்டிப் பார்த்தாள், ஆளாளுக்குச் சொன்ன கோயிலெல்லாம் கூட்டிப்போனாள். கடைசியில் ஒன்றும் நடக்காமல், நகையை விற்று, ரயிலேற்றி மெட்ராசுக்குக் கொண்டுபோய் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அவன் உள்ளே இருந்த மாதங்கள் முழுக்க இவள் வெளியே வராந்தாவில் கிடந்தாள். அவன் ராவும் பகலுமாகத் தூங்கினான். பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தான். வீட்டுக்கு வந்தான், மிஷினை மாட்டினான், பழையபடி ரவிக்கை தைக்க ஆரம்பித்தான்.

தினமும் காலையில் சோறு தின்றதும் ஒரு மாத்திரை. மாதம் ஒருதரம் திருச்சிக்குப் போய் டாக்டரைப் பார்த்து வாங்கி வர வேண்டும். நடுவில் ஒருதரம், 'நல்லாத்தான இருக்கேன்' என்று அவனாகவே நிறுத்திப் பார்த்தான். மிஷின் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது. அன்றிலிருந்து கொளஞ்சியம்மாள் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். மாத்திரையும் ராத்தூக்கமும் இருக்கிற வரைக்கும் புருஷன் நம்ம புருஷன், அது அவளுக்குத் தெரியும். வேறு எதைப் பற்றியும் அவள் கவலைப்பட்டதில்லை.

படப்பெட்டி வெள்ளிக்கிழமை வந்தது. போஸ்டரில் ஆஸ்பத்திரிக் கம்பி, கம்பிக்குள்ளே ஒரு கை, கையில் கத்தரிக்கோல். கீழே கொட்டை எழுத்தில் 'முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று போட்டிருந்தது. கதை இதுதான்: மலைமேல் ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி. அங்கே நர்சுகள் ஒவ்வொருத்தியாகச் சாகிறார்கள். ஒவ்வொரு கொலைக்குப் பிறகும் ஒரு நோயாளி தூங்கி எழுகிறான், அவன் கையில் ரத்தம் தோய்ந்த கத்தரிக்கோல் இருக்கிறது. அவனுக்கே ஒன்றும் ஞாபகமில்லை. கடைசியில் ஒரு நாள் குணமாகிவிட்டது என்று சொல்லி கேட்டைத் திறந்து அவனை வெளியே விடுகிறார்கள். அவன் ஒரு வீட்டை நோக்கி நடக்கிறான்.

சரியாக அந்த இடத்தில்தான் பஸ்ஸுக்கு நேரமாகும்.

மேட்னி சனி, ஞாயிறு மட்டும் உண்டு. காட்டு வேலையை விட்டுவிட்டு ரஞ்சன்குடியிலிருந்து யாரும் அதற்கு வருவதில்லை. கொளஞ்சியம்மாள் சனிக்கிழமை மேட்னியிலேயே முழுப் படத்தையும் பார்த்துவிட்டாள். கொலைகாரன் அந்த நோயாளியே இல்லை, ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். நோயாளிக்கு மாத்திரை கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, கொலையைத் தான் செய்து, கத்தரிக்கோலை அவன் கையில் சொருகிவிடுகிறான். இதெல்லாம் கடைசி ரீலில்தான் வரும். 'பரவால்ல, நல்லாத்தான் எடுத்திருக்கானுவ' என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்துக்கு ரஞ்சன்குடி வந்து இறங்கியது. தர்மனும் வந்தான். ஒன்பதடிக்கப் போகையில் வழக்கம்போல எல்லோரும் எழுந்து பஸ்ஸைப் பிடித்தார்கள். பஸ் முடிவு கட்ட ஆரம்பித்தது.

"அவன் நேராப் போயி அந்த வூட்டுல உள்ளவங்களையும் குத்திருவான்" என்றாள் பாப்பாத்தி. அடுத்த வீட்டுக்காரி, பஸ் பஞ்சாயத்தில் அவள் சொல்தான் எடுபடும். "பைத்தியம் தெளிஞ்சுதுன்னு வெளிய விட்டா இப்படித்தான். அதுக்கு ஏது தெளியிறது?"

சொல்லிவிட்டுத்தான் தர்மன் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்பின.

"ஏ பாப்பாத்தி, வாய்க்கு வந்ததப் பேசாத!" என்று கொளஞ்சியம்மாள் முன்சீட்டிலிருந்து திரும்பினாள். "அவன் கொலையே பண்ணல. டாக்டருதான் பண்றான். நான் முடிவு பாத்துட்டேன்."

"டாக்டரு பண்றானா?" பின்சீட்டில் ஒருத்தன் சிரித்தான். "உசுரக் காப்பாத்துறவன் எதுக்குக்கா கொல்லுறான்? நல்லாக் கத கட்டுற."

"கட்டிக்கிட்ட புருசனுக்காவச் சொல்லுது, வுடுங்க" என்று பாப்பாத்தி பெருந்தன்மையாக முடித்துவைத்தாள். கொளஞ்சியம்மாளுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே ஒரு கொலை விழுந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் பாப்பாத்தி வந்து தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டாள். அவசரமில்லையாம், பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். அவளைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர். வாசலில் விளையாடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் வந்து இழுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும் சனியன், ஊர் வாய் ரெண்டு நாளில் ஓய்ந்துவிடும் என்று கொளஞ்சியம்மாள் இருந்திருப்பாள். ஆனால் தர்மன் கத்தரிக்கோலை ஒரு துணியில் சுற்றி அவளிடம் நீட்டினான்.

"இத நீ தியேட்டருக்கு எடுத்துட்டுப் போயிரு புள்ள. வூட்டுல இருக்க வேணாம்."

"ஏன், என்னா வந்துச்சு?"

"மெட்ராசுல நான் தூங்கிக்கிட்டே கெடந்தேன்ல... அப்ப நான் என்னா செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமா? நீ வெளியில இருந்த."

"அட கண்றாவியே!" கொளஞ்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "தூங்குனவன் தூங்கத்தான்யா செய்வான்! அந்தப் படத்துல கொன்னது டாக்டரு. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "கூட ஒரு மாத்திர குடு புள்ள, கட்டுப்பாடா இருக்கும்."

அவள் அதிகமாக எதுவும் கொடுக்கவில்லை. திங்கள் ராத்திரி அவன் தூங்கவில்லை. செவ்வாயும் தூங்கவில்லை. தூங்கினால் தன் கை என்ன செய்யுமோ என்று சுவரில் சாய்ந்து விழித்தே உட்கார்ந்திருந்தான். கேட்டால், "நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்" என்றான். கண் ரெண்டும் கோவைப்பழம். மிஷின் பேச ஆரம்பித்த காலத்திலும் முதலில் போனது தூக்கம்தான். ஒரு சினிமாக்காரன் காசுக்கு எடுத்த கதை தன் குடும்பத்துக்குள் புகுந்து இப்படி உட்கார்ந்துகொண்டதை நினைக்க நினைக்கக் கொளஞ்சியம்மாளுக்கு எரிந்தது. அவனுக்குக் கடைசி ரீலைக் காட்டியே தீர வேண்டும் என்று முடிவு பண்ணினாள். படம் வியாழக்கிழமையோடு தூக்கப்படுகிறது. மேட்னி கிடையாது.

புதன்கிழமை தியேட்டர் முதலாளி தாஜுதீன் முன்னால் போய் நின்றாள். லப்பைக்குடிக்காட்டுக்காரர், நல்ல மனுஷர்தான், ஆனால் அன்று அவரும் கடுப்பில் இருந்தார். படம் ஊத்திக்கொண்டது.

"பாய், நாளைக்கு ஆட்டத்தக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிங்க. நியூஸ் ரீல வுட்டுருங்க."

"நியூஸ் ரீல விடறதா? சர்க்காரு சட்டம்மா அது! லைசென்சப் புடுங்கிருவான். இருக்கட்டும், நீ மொதல்ல இதச் சொல்லு. பஸ்ஸுல நின்னு 'டாக்டருதான் கொலகாரன், டாக்டருதான் கொலகாரன்'னு கூவுனியாமே? முடிவச் சொல்லாதீங்கன்னு போஸ்டர்ல போட்டிருக்கு. என்கிட்ட வேல பாத்துக்கிட்டு என் படத்தையே ஒடைக்கிற! யா அல்லா, நான் யாருகிட்டப் போயி சொல்லுவேன்?"

"ஒருத்தனும் நம்பல பாய், கவலப்படாதீங்க!" என்று கத்தினாள் கொளஞ்சியம்மாள். கத்திய வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது. வாசலில் நின்று ஊரையே அதட்டுகிறவள் அழுது அவர் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்கு எப்படியும் கொட்டகை காத்தாடத்தான் போவுது. ஒங்க ஊருக்காரங்க அம்புட்டுப் பேரும் சும்மா வந்து பாக்கட்டும். ஆனா பஸ் என்னுதுல்லம்மா."

பஸ் அய்யாக்கண்ணுடையது. அதாவது ஓட்டுகிறவர் அவர். கடைசி பஸ்ஸை ரஞ்சன்குடியில் நிறுத்தி, அதிலேயே படுத்து, காலையில் திருப்பி ஓட்டி வருவார்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் கா மணி நேரம் தாமதமா எடுங்கண்ணே."

"வெளையாடுறியா? டயத்துக்கு எடுக்கலன்னா மெமோ குடுப்பான்."

"போயி ஊருல படுக்கப் போற வண்டிக்கு எவன்ணே மெமோ குடுக்கப் போறான்? சரி, ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. இத்தன வருசமா எங்க ஊர ஏத்திட்டுப் போறீங்க. நீங்க என்னைக்காச்சும் ஒரு படத்துக்கு முடிவு பாத்திருக்கீங்களா?"

அய்யாக்கண்ணு யோசித்தார். படம் பார்ப்பதற்கே நேரமில்லை, பஸ்ஸில் அவர்கள் கட்டுகிற முடிவைக் கேட்டுக்கொண்டே ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். "ஓசியா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் கொளஞ்சியம்மாள் கடலைக்காட்டு வரப்பில் ஏறி நின்றுகொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டாள். ஓசி என்றதும் ஒருத்தரும் காரணம் கேட்கவில்லை. தர்மனைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. அந்தப் படத்தை இன்னொரு தரம் பார்த்தால் செத்தே போய்விடுவேன் என்றான். "நீ வரலன்னா நானும் போவல. வேல போவட்டும், ரெண்டு பேரும் மொட்டு மொட்டுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்" என்று அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் சட்டையை எடுத்து மாட்டினான்.

படம் ஓடியது. நோயாளிக்குக் கேட்டைத் திறந்தார்கள். அவன் வீட்டை நோக்கி நடந்தான். உடனே ரஞ்சன்குடி மொத்தமும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து நின்றது! என்ன சொல்வது இந்த ஜனங்களை? பெண்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கொளஞ்சியம்மாள் ஓடிப்போய்க் கதவில் ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க! பஸ் எங்கயும் போவாது, டிரைவரு உள்ளதான் இருக்காரு!"

டிரைவர் எங்கே என்று பார்த்தால் அவரும் பழக்கத்தில் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். அவரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள். ஊர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தது.

கடைசி ரீல் ஓட ஆரம்பித்ததும் கொளஞ்சியம்மாள் திரையைப் பார்க்கவில்லை. ஆண்கள் பக்கம் பெஞ்சு நுனியில் இருந்த தர்மனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் அலமாரியைத் திறந்தான், மாத்திரையை எடுத்துக் கொடுத்தான், நோயாளி தூங்கிப் போனான், அவன் கையில் கத்தரிக்கோலைச் சொருகினான். கொட்டகையே 'ஆ' என்றது. தர்மன் முன்னால் குனிந்து முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். அவளுக்கும் கண்ணீர் தாரை தாரையாக வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் முடிவு கட்ட ஒன்றுமில்லாமல் ஆளாளுக்கு டாக்டரைத் திட்டினார்கள். "அந்தப் படுபாவிய நம்ம கையில குடுத்திருக்கணும்" என்றார் அய்யாக்கண்ணு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. பாப்பாத்தி எழுந்து வந்து தர்மன் பக்கத்தில் நின்றாள். "தம்பி, மனசுல வச்சுக்காத. காலையில அந்தத் துணியக் கொண்டாறேன்." தர்மன் தலையாட்டினான். வீட்டுக்குப் போனதும் பாயை விரித்துப் படுத்தவன் விடிகிற வரைக்கும் அசையவில்லை. கொளஞ்சியம்மாள் அவன் குறட்டையைக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாகத் தூங்கினாள்.

காலையில் சோறு போட்டாள். தின்று முடித்ததும் மாத்திரையை எடுத்து நீட்டினாள். தர்மன் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னா பாக்குற? போடு."

"இத யாரு குடுத்தா?"

"யாரு குடுப்பா? திருச்சி டாக்டருதான்."

"டாக்டரு." அவன் மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டான். "வேணாம் புள்ள."

கொளஞ்சியம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. ஓடியதும், வாரம் பூராவும் நாயாய் அலைந்து, ஊரைக் கூட்டி, பஸ்ஸை நிறுத்தி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது புரிந்தது. அதே நேரம் பார்த்துத் துணியோடு பாப்பாத்தி உள்ளே வந்தாள். நின்று கேட்டாள். கேட்டுவிட்டு, "தம்பி சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கே. நேத்து பாத்தமே, மாத்திரையக் குடுத்துத்தான அவன்..." என்றாள்.

"வெளிய போடி!" என்று கொளஞ்சியம்மாள் போட்ட சத்தத்தில் பாப்பாத்தி துணியைப் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டாள்.

கெஞ்சினாள், திட்டினாள், மகள் மேல் சத்தியம் பண்ணினாள். "அது சினிமாய்யா! அந்த டாக்டரு வேஷம் போட்டவன் நேத்து ராத்திரி சம்பளம் வாங்கிக்கிட்டு வூட்டுல இட்லி தின்னுக்கிட்டு இருப்பான்!" தர்மன் கோபப்படவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. வேண்டாம் என்று மட்டும் தலையாட்டினான். இந்தச் சாதுக்களிடம் மல்லுக்கட்டுவது மாதிரி ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது.

அவள் தட்டிலிருந்த மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டாள்.

"ஏ கொளஞ்சி!" தர்மன் பதறி எழுந்தான். "துப்பு! துப்பு புள்ள!"

"துப்ப முடியாது. உள்ள போயிருச்சு. என்னா ஆவுதுன்னு உக்காந்து பாரு."

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நாக்குத் தடித்தது. கை காலெல்லாம் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. புதுப் படப்பெட்டி வருகிற நாள், சீக்கிரம் போக வேண்டும் என்று எழுந்தவள் அப்படியே பாயில் சரிந்தாள். பிறகு ஒன்றும் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தர்மன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. அவன் விரல் அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

"முழிச்சிட்டியா புள்ள?" என்று விரலை எடுத்தான். "மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கொளஞ்சியம்மாள் நாக்கைப் புரட்டிப் புரட்டிக் கேட்டாள்: "நான் தூங்கையில எவளையாச்சும் போயிக் குத்திட்டனா?"

"என்னா பேச்சு இது? நீ எங்க போன? கெடந்த எடத்த வுட்டு அசையல."

"வேற என்னா செஞ்சேன்?"

"கொறட்ட வுட்ட. எச்சி ஒழுவுச்சு. தொடச்சி வுட்டேன்."

"மெட்ராசுல நீயும் அதத்தான்யா செஞ்ச" என்றாள் கொளஞ்சியம்மாள். "அம்புட்டு மாசமும் அதத்தான் செஞ்ச."

தர்மன் கையை நீட்டி மாத்திரை டப்பாவை எடுத்தான். மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அவள் எப்போதும் கொடுக்கிற தண்ணீருக்காகக் கையை நீட்டினான்.

"நீயே மொண்டு குடிய்யா" என்றாள் அவள். "எனக்குத் தல சுத்துது."